இருபது மீட்டருக்கு அப்பால் நின்ற மான்

அண்ணை,

இன்று காலை அரிசிப் பையைத் திறக்கக் கத்தரிக்கோல் தேடினேன். கிடைக்கவில்லை. பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பையின் வாயைப் பல்லால் கடித்து இழுத்தேன். தையல் பிரிந்ததோடு நிற்காமல் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை நார் நீளமாக உரிந்து கையோடு வந்தது. அரிசித் தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. பையை அப்படியே விட்டுவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். சோறு வைக்க மத்தியானம் ஆகிவிட்டது.

நான் இப்போது லண்டனின் மறுகோடியில், வெம்பிளியில் இருக்கிறேன். முன்பு குடியிருந்த தோர்ண்டன் ஹீத்தில் ரயிலுக்குப் போவதென்றால் உங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நீங்கள் இல்லாத கடையைத் தினமும் இரண்டு முறை தாண்ட என்னால் முடியவில்லை. இங்கேயும் நம் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் காலியான அரிசிப் பையை எறியாமல் வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவரையும் இங்கே காணோம். நீங்கள் அதை விரலகலக் கீற்றுகளாக வெட்டிச் சுருட்டிக் கல்லாவுக்குக் கீழே போட்டு வைப்பீர்கள். எதற்கு என்று யாராவது கேட்டால், "காட்டுக்குக் கொண்டு போக" என்பீர்கள். சிரித்துவிட்டுப் போவார்கள். கருவாடும் முருங்கைக்காயும் விற்கிற மனிதர் இலையுதிர்காலம் வந்தால் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, பிரான்சில் ஒரு காட்டில் வில்லோடு போய் உட்காருவார் என்று யார்தான் நம்புவார்கள்?

நானும் நம்பவில்லை. நான் வேலை செய்த கண்ணாடிக் கடைக்கு நீங்கள் கண் சோதிக்க வந்த நாள் நினைவிருக்கிறதா? வாசிக்கவா, கார் ஓட்டவா என்று எல்லோரிடமும் கேட்பதைத்தான் உங்களிடமும் கேட்டேன்.

"இருபது மீட்டரில நிக்கிற மானின்ர முன்னங்கால் மடிப்பு எனக்கு வடிவாத் தெரியவேணும்," என்றீர்கள். "அதுக்கு அங்கால தெரிஞ்சாலும் ஒண்டுதான், தெரியாட்டிலும் ஒண்டுதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் மலேசியாவின் ஈப்போக்காரி, பல்கலைக்கழகத்தில் வில்வித்தைக் குழுவில் இருந்தவள், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள் என்று என் புராணத்தை அவிழ்த்துவிட்டேன். எத்தனை மீட்டரில் அம்பு விட்டீர் என்று கேட்டீர்கள். எழுபது என்றேன், கொஞ்சம் தலைக்கனத்தோடுதான்.

"எழுபதில என்ன நிக்கும்?"

"அட்டைதாண்ணே. வட்டம் போட்ட அட்டை."

"ஆ, அது நல்லம். அட்டை நடக்காது."

அன்றைக்கே எனக்கு உங்கள்மேல் கோபமும் வந்தது, பிரியமும் வந்தது. அடுத்த ஞாயிறே கென்ட்டில் உங்கள் வில் கழகத்துக்கு வந்துவிட்டேன். இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் அங்கே காட்டுக்குள் ஆங்காங்கே ரப்பர் மிருகங்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். கழகத்தார் வேடிக்கை பார்க்க, ஐம்பது மீட்டரில் நின்ற ரப்பர் கரடியின் நெஞ்சில் மூன்று அம்புகளை ஒன்றோடொன்று உரசும்படி இறக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் கரடியின் அருகே போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பாவம், நல்ல மனுசன்," என்றீர்கள். அந்த ஞாயிறு முழுக்க உங்களோடு பேசக்கூடாது என்று இருந்தேன். தேநீர் வேளை வரைக்கும்கூட அந்த வீராப்பு தாங்கவில்லை.

குறி பார்ப்பதில் நான் உங்களைவிடக் கெட்டிக்காரி. அதை நீங்களே எல்லோரிடமும் சொல்வீர்கள். அதனால்தான் நம் சண்டை சமமான சண்டையாக இருந்தது. பிரெஞ்சு மொழியில் எழுத வேண்டிய வேட்டை அனுமதிப் பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டு, இரண்டாம் தடவை தட்டுத் தடுமாறித் தேறி, உங்களோடு முதன்முதலாகப் பிரான்சுக்கு வந்தபோது, கடலடி ரயிலுக்குக் காத்திருந்த கார் வரிசையிலேயே சண்டை தொடங்கிவிட்டது. மானை எதிர்பார்த்து உட்காரும் இடத்தைச் சுற்றி இருபது மீட்டரில் செடிகளில் அரிசிப் பைக் கீற்றுகளைக் கட்டுவது உங்கள் வழக்கம். கீற்றுக்கு இந்தப் பக்கம் வந்தால் மான். அந்தப் பக்கம் நின்றால் விருந்தாளி. பார்த்துவிட்டு அனுப்பிவிட வேண்டும். எனக்கு எதற்கு இருபது என்று கேட்டேன். இருபதில் தடுமாறுகிறவரைவிட முப்பதில் பிசகாமல் விடுகிற நான் மானுக்கு நல்லதுதானே செய்கிறேன்?

நீங்கள் மறுக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஓம், அது ஞாயம். உமக்கு முப்பது எண்டா முப்பது. ஆனா அதை வெளிக்கிடமுன்னம் சொல்லிப்போடும். மானைக் கண்டாப் பிறகு தூரத்தைத் தீர்மானிக்கப்படாது. கண்டாப் பிறகு எல்லாருக்கும் எல்லாம் ஏலும் போலத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்மானின் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் பாரிசில் உணவகச் சமையலறையில் வேலை செய்த காலம். கூட வந்த கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது மீட்டரில் நின்றது. கைக்குள் நிற்கிற மாதிரித் தெரிந்தது. அம்புக்கு முன்னால் நாணின் சத்தம் அதன் காதுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு அடி எடுத்து வைத்தது. நெஞ்சில் இறங்க வேண்டிய அம்பு வயிற்றில் இறங்கியது. இரத்தத் தடம் பிடிக்கும் நாயோடு ஒருவரைக் கூட்டிவந்து தேடினீர்கள். மறுநாள் கண்டுபிடித்தபோதும் அதற்கு உயிர் இருந்தது. "தலையைத் தூக்கி என்னைப் பாத்தது," என்றீர்கள். வரிசை நகர்ந்தது, நீங்கள் இன்ஜினைப் போட்டீர்கள். நான் முப்பது என்ற பேச்சை அன்றோடு விட்டேன். பயத்தினால் அல்ல. உங்களோடு காட்டில் உட்காரும்போது உங்கள் இருபதில் உட்காருவதுதான் எனக்கு மரியாதையாகப் பட்டது.

அப்படிப் போன பருவங்களில் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினோம். கிடைத்த வருடங்களில் அண்ணியின் அடுப்படிக்கு வாய்த்ததை யாரும் மறக்க மாட்டார்கள். அப்போது எல்லையில் இறைச்சிக்கு இப்போதுள்ள கெடுபிடி இல்லை. வறுத்து இடித்த தூளைப் போட்டு அண்ணி மான் கறி வைத்தால் மாடியில் குடியிருந்த போலந்துக்காரர்கூடக் கிண்ணத்தோடு இறங்கி வருவார்.

பிறகு உங்களுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்துவிட்டது. உங்களுக்கு என்ன நோய் என்று எனக்குச் சொன்ன விதம்கூட உங்களுடையதுதான். "இருபதுக்கு உள்ளுக்க வந்திட்டுது தங்கச்சி," என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்த அக்டோபரில் மருந்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு மான், ஒரே ஒரு மான், அண்ணியின் கையால் சமைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் சாப்பிட வேண்டும் என்றீர்கள். ஒரு துண்டுக்கு மேல் உங்களால் சாப்பிட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி. இதை நான் இல்லையெண்டு சொன்னா அவர் என்னட்ட இனி ஒண்டும் கேக்கமாட்டார்," என்றார். அப்போது உங்களால் வில்லின் நாணைப் பாதிகூட இழுக்க முடியாது. தோள் கரைந்து போயிருந்தது. நான்தான் விட வேண்டும். "என்ர மான், உம்மட அம்பு," என்று ஒப்பந்தம் போட்டீர்கள்.

நாம் வழக்கமாக உட்காரும் காட்டுக்குச் சொந்தக்காரரான பிரெஞ்சுப் பண்ணைக்காரர் உங்களைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். பிறகு கண்ணைத் துடைக்க மாட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார். அந்தப் பருவத்துக்கு ஒரு மானுக்கான அனுமதியை உங்களுக்கென்றே எடுத்து வைத்திருந்தார். உங்களால் வழக்கம்போல மரத்தில் ஏறி உட்கார முடியாதென்று காட்டின் விளிம்பில் பச்சைத் துணிக் கூடாரம் ஒன்றை அடித்தோம். நீங்கள் நாற்காலியில் உட்கார, நான் கீற்றுகளைக் கட்ட நடந்தேன்.

"முப்பதுல கட்டட்டுமா அண்ணை?"

"இருபது."

"இந்தத் தடவை மட்டும். முப்பத்தஞ்சுலயும் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்களே பாத்திருக்கீங்க."

"இந்த முறைதான் கட்டாயம் இருபது. காயப்பட்டுப் போனா என்னால பின்னால தேடிப் போக ஏலாது. நான் போகாமல் ஒரு உயிர் அந்தரிச்சுக்கொண்டு கிடக்கிறதோ?"

கட்டினேன், அண்ணை. நீங்கள் சொன்ன இடத்தில்தான் கட்டினேன். அந்தச் சாயங்காலம் நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் உங்களோடு மல்லுக்கு நின்றவள், அதற்கு மட்டும் சரி என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் காலை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள்தான் கடைசி. அதற்கு மேல் உங்களை அங்கே வைத்திருக்கத் துணிச்சல் இல்லை. பனி விலகி வெயில் முள்ளுப் புதர்மேல் விழுந்தபோது அது வந்தது. இளம் ஆண் மான். கொம்பு ஒரு சாண்கூட இருக்காது. கீற்றுகளுக்கு அப்பால் முள்ளிலையை மேய்ந்துகொண்டே வந்து, முழுப் பக்கமும் தெரிய நின்றது. தூரம் பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்தேன். முப்பத்து நான்கு. இன்னும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு முறை தலையைத் தூக்கிக் காதைத் திருப்பியது. எதையோ சந்தேகப்பட்டுவிட்டது.

"விடும்," என்றீர்கள்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் உங்கள் கண் மானை விட்டு அசையவில்லை. அந்த முகத்தை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. பசித்த பிள்ளையின் முகம்.

"விடும் தங்கச்சி. உமக்கு ஏலும்."

எனக்கு ஏலும்தான், அண்ணை. நாணை முழுதாக இழுத்தேன். குறியின் புள்ளி அதன் முன்னங்காலுக்குப் பின்னால் போய் நின்று அசையாமல் இருந்தது. கழக மைதானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் அது மறுபடி காதைத் திருப்பியது. அட்டைக்குக் காது இல்லை. அம்பு அங்கே போய்ச் சேருவதற்குள் அது ஒரு அடி எடுத்து வைத்தால்? வயிற்றில் அம்போடு அது காட்டுக்குள் ஓட, நீங்கள் இந்த நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தால்? மிச்சமிருக்கிற கொஞ்ச நாளும் நீங்கள் கண்ணை மூடும்போதெல்லாம் இரண்டு மான்கள் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்குமே என்று நினைத்தேன். இருபது என்று சொன்னவர் முந்தாநாள் மானைக் காணாமல் சொன்னார். விடும் என்று சொல்கிறவர் மானைக் கண்டுவிட்டுச் சொல்கிறார். இருவரும் நீங்கள்தான். நான் ஒருவருக்குத்தான் கீழ்ப்படிய முடியும்.

வில்லை இறக்கினேன்.

மான் இன்னும் கொஞ்சம் மேய்ந்தது. பிறகு ஒரு அவசரமும் இல்லாமல் திரும்பிப் புதருக்குள் போய்விட்டது.

கூடாரத்தைப் பிரித்தேன், நாற்காலியை மடித்தேன், கீற்றுகளை அவிழ்த்தேன், உங்களைக் கைத்தாங்கலாகக் காருக்கு நடத்தினேன். பண்ணைக்காரரிடம் கைகொடுத்துவிட்டு ஏறினீர்கள். அத்தனை மணி நேரப் பாதையிலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். திட்டினால் தேவலை என்று இருந்தது. கடலடி ரயில் புறப்படும் கலே நெருங்கும்போதுதான் வாய் திறந்தீர்கள். "தேத்தண்ணி ஒண்டு குடிப்பமே?" குடித்தோம். நான் எதைக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் அண்ணி நின்றார். உள்ளே வெங்காயம் அரிந்து வைத்த வாசனை தெருவரைக்கும் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் கையில் இருந்த பனிப்பெட்டி, இறைச்சி இல்லாமல் லேசாக ஆடுவதைப் பார்த்தே அண்ணிக்கு விளங்கிவிட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஒண்டும் வரேல்லையப்பா. வெறும் காடு."

அன்று கோழிக் கறிதான். மானுக்கென்று இடித்து வைத்த தூளை அண்ணி கோழிக்குப் போட்டார். நீங்கள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்றீர்கள். எனக்காகப் பொய் சொன்னீர்கள், அண்ணை. அந்த வீட்டில் ஒருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிடக் கூடாது என்று, அந்தக் காட்டையே வெறும் காடாக்கிவிட்டீர்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்து வில்லை அலமாரிக்குப் பின்னால் போட்டேன். பிறந்ததிலிருந்து அப்படி அழுததில்லை.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில், அண்ணி தேநீர் வாங்கக் கீழே போன நேரம் பார்த்துக் கேட்டேன், என்மேல் கோபமா என்று.

"கோவமில்லை," என்றீர்கள். மூச்சு வாங்கியது. "நீர் செய்தது சரி. நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்." போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டீர்கள். "சரியெண்டு தெரியுது. தெரிஞ்சும் ஆசை போகுதில்லை தங்கச்சி."

உங்கள் காலைப் பிடித்துவிட்டேன். நீங்கள் பேச்சை மாற்றி, கடைக்குக் கறிவேப்பிலைப் பெட்டி நேரத்துக்கு வருகிறதா என்று அண்ணியிடம் கேட்கச் சொன்னீர்கள். மறுபடி அதைப் பற்றி நாம் பேசவில்லை. பேச நாளும் இருக்கவில்லை.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அண்ணியும் நானும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அண்ணி குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்றார்.

"எனக்கு ஒரேயொரு கவலை தங்கச்சி. அவ்வளவு ஆசையோட போன மனுசனுக்கு முன்னால கடைசியா ஒரு மான் கூட வரேல்லை, பாருங்கோ. அந்தக் காட்டுக்கும் மனமில்லாமல் போச்சு."

நீங்கள் சொன்ன பொய் அண்ணிக்குள் இப்படி வளர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நீங்கள் எனக்காகச் சொன்னது இவரைத் தின்றுகொண்டிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், அதைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை.

"வந்துச்சு அண்ணி," என்றேன். "அண்ணை எனக்காக அப்படிச் சொன்னாரு. மான் வந்துச்சு. கொஞ்சம் தூரத்துல நின்னுச்சு. விடச் சொன்னாரு. நான்தான் விடல."

ஏன் விடவில்லை என்று கேட்பார், அழுவார், பாத்திரத்தைத் தூக்கி எறிவார் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு நின்றேன். அண்ணி என் கையைப் பிடித்தார்.

"அவர் பாத்தவரோ?"

"பாத்தாரு அண்ணி. அது திரும்பிப் போற வரைக்கும் கண்ணெடுக்காம பாத்தாரு."

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "காணும் தங்கச்சி," என்றார். "எனக்கு அது காணும்."

எனக்குப் போதவில்லை, அண்ணை. கழகத்தில் ஆளில்லாத ஒரு நாள் அந்த முப்பத்து நான்கை அளந்து நின்று பார்த்தேன். விட்ட அம்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. அன்றும் பிசகியிருக்காது என்று ஒரு மனம் சொல்கிறது. அந்தக் காது திரும்பியதை நீ பார்த்தாய் என்று இன்னொரு மனம் சொல்கிறது. இரண்டும் உண்மை. இரண்டோடும்தான் நான் தூங்கி எழுகிறேன்.

இன்னும் ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தக் காட்டுக்குப் போகிறேன். பண்ணைக்காரர் வரச் சொல்கிறார். உங்கள் இருபதில்தான் உட்காருகிறேன். போன தடவையும் ஒன்று வந்து அதற்கு அப்பால் நின்றது. இழுத்தேன், பார்த்தேன், இறக்கினேன். செய்தது சரிதான். ஆனாலும் ஒவ்வொரு முறை வில்லை இறக்கும்போதும் என் பக்கத்தில் நீங்கள் "விடும்" என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் உங்களுக்குத்தான் நான் மறுபடியும் இல்லை என்று சொல்கிறேன்.